வாய் வரை போன கை: சிறுகதைக்குள் கரு விளையும் விதம்

தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நின்றுகொண்டு ஔவையார் பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. 95ஆம் பாட்டு. அதியமானுக்காகத் தூது போன இடத்தில் தொண்டைமான் தன் ஆயுதங்களைக் காட்ட, அவற்றைப் பார்த்துச் சொன்னது. ‘இவ்வே’ என்று தொடங்குகிறது. இங்கே இருப்பவை மயில்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன. அப்புறம் ‘அவ்வே’ என்று பாட்டு திரும்புகிறது. அங்கே எங்கள் தலைவனின் வேல்கள் பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனுடைய சிறிய பட்டறையில் கிடக்கின்றன.

என் அரசன் பெரிய வீரன், உனக்குப் போர்க்களம் பழக்கமில்லை, சண்டைக்கு வராதே. இந்த மூன்று சேதியும் பாட்டில் ஒரு வரியாகக்கூட இல்லை. மேலோட்டமாகக் கேட்டால் தொண்டைமானின் ஆயுதங்களைப் புகழ்வதுபோலவே இருக்கும். நடுவில் இன்னொன்றும் வருகிறது. சோறு இருந்தால் கொடுப்பவன், இல்லாவிட்டால் இருப்பதைக் கூட உட்கார்ந்து உண்பவன் என்று அதியமானைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. வேலைப் பற்றிய பாட்டில் சோற்றுக்கு என்ன வேலை? அந்த வேல்கள் ஏன் இவ்வளவு தூரம் தேய்ந்தன என்பதற்கான பதில் அதில் இருக்கிறது. கூட உட்கார்ந்து உண்பவனுக்காக ஆட்கள் சாகவும் தயாராக இருப்பார்கள்.

அந்த அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. இங்கே பிள்ளைகளோடு சிறுகதை படிக்க உட்காரும்போதெல்லாம் நான் இந்தப் பாட்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் உத்தி என்றாலே அது மேல்பூச்சு என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. எழுத்தாளர் முதலில் ஒரு கருத்தை யோசித்து வைத்துக்கொள்கிறார், பிறகு உவமை, குறியீடு, முரண் எல்லாவற்றையும் அதன்மேல் அலங்காரமாகப் போடுகிறார் என்று நினைக்கிறோம். ஔவையின் பாட்டிலிருந்து ‘இவ்வே’, ‘அவ்வே’ என்ற எதிரெதிர் நிலையை எடுத்துவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவது இரண்டு ஆயுதப் பட்டியல். சேதி போய்விடுகிறது. அந்த முரணில்தான் அது விளைந்தது.

தேர்வுத் தாளில் ‘இக்கதையின் மையக்கருத்தை விளக்குக’ என்று கேட்டால் பிள்ளைகள் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘இக்கதை வறுமையின் கொடுமையை எடுத்துரைக்கிறது.’ மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அந்த வாக்கியத்தை நூறு கதைகளுக்கு மாற்றி மாற்றி ஒட்டலாம். வறுமை என்பது கதை எடுத்துக்கொண்ட பொருள். அந்தப் பொருளைப் பற்றி இந்த ஒரு கதை மட்டும், இந்த விதத்தில் மட்டும், நமக்கு உணர்த்துவது எதுவோ அதைத்தான் கரு என்கிறேன்.

சொல்லில் ஒரு குழப்பமும் இருக்கிறது. பள்ளியில் ‘கருப்பொருள்’ என்று மையக்கருத்தைச் சொல்கிறோம். தொல்காப்பியத்தில் கருப்பொருள் வேறு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் இருக்கும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலானவை கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்ற மனித நிலைகள் உரிப்பொருள். இன்று நாம் கதையின் கரு என்று தேடுவது உரிப்பொருளுக்குப் பக்கத்தில் வருகிறது. ‘முதல் கரு உரிப்பொருள் என்ற மூன்றே’ என்று தொடங்கும் நூற்பா, பாட்டில் இவை ஒன்றைவிட ஒன்று சிறந்தவை என்கிறது. நிலத்தைவிட அதிலுள்ள பொருள்கள் முக்கியம், அவற்றைவிட மனித நிலை முக்கியம். அதே சமயம் சங்க அகப்பாட்டுகளில் உரிப்பொருளை நேரடியாகச் சொல்வது குறைவு. ஒரு கொக்கையோ ஒரு மரத்தையோ காட்டி, அதன் வழியாக அங்கே போகிறார்கள். குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்றில், தலைவன் தன்னைச் சேர்ந்த நாளில் சாட்சிக்கு யாருமே இல்லை, ஓடுகிற நீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்துக்கொண்டு ஒரு குருகு மட்டும் நின்றது என்கிறாள் தலைவி. அதன் கால் தினைத்தாள் மாதிரி மெலிந்து பச்சையாக இருந்தது என்பதுவரை அவளுக்கு நினைவிருக்கிறது. நம்ப ஒருவரும் இல்லாத பயம் முழுவதும் அந்தக் கொக்கின் காலில் இருக்கிறது. சிறுகதை மேலைநாட்டிலிருந்து வந்த வடிவம்தான். ஆனால் அது செய்கிற வேலை நமக்குப் புதிதில்லை.

சரி, ஒரு கதையை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். பிறர் கதையைப் பிரித்தால் ‘எழுத்தாளர் இதை நினைத்தாரா’ என்ற வீண் விவாதம் வந்துவிடுகிறது. அதனால் பிள்ளைகளுக்காக நானே ஒரு சிறிய கதை கட்டி வைத்திருக்கிறேன்.

பென்னாகரம் சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு ஊர். ஞாயிற்றுக்கிழமை. பெண் பார்க்க வருகிறார்கள். அம்மா பக்கத்து வீட்டில் ஆறு எவர்சில்வர் டம்ளர் இரவல் வாங்கிச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளைப் பையன் பாலக்கோடு பக்கத்துக்காரன், ஓசூரில் லேத் ஓட்டுகிறான். அவனும் அவன் அம்மாவும் தாய்மாமனும் வந்து பாயில் உட்காருகிறார்கள். சுவரில் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ மாட்டியிருக்கிறது. ‘இதுல எதும்மா உங்க பொண்ணு?’ என்று பையனின் அம்மா கேட்கிறாள். ‘அந்தக் கடைசி வரிசையில, வாயில கைய வச்சிக்கினு நிக்குதே, அதுதாங்க.’ பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள். பையனின் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, ‘எங்க ஊரு தண்ணி மாதிரியேதான் இருக்குது’ என்கிறாள். தாய்மாமன் ஏதோ தமாஷ் சொல்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். பெண்ணின் கை தானாக வாய்க்குப் போகிறது. பையன் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்க்கிறான். ‘பையன் அழுத்தக்காரன் போல இருக்குது’ என்று பெண்ணின் சித்தி அடுப்படியில் முணுமுணுக்கிறாள். புறப்படும் நேரம், கை கழுவ அவன் வாசல் தொட்டிக்குப் போகிறான். கட்டியிருந்த கன்றுக்குட்டி அவன் தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுக்கிறது. அவன் இழுக்க, அது இழுக்க, சட்டென்று வாய்விட்டுச் சிரித்துவிடுகிறான். அடுப்படி ஜன்னலிலிருந்து அவள் பார்க்கிறாள். அவன் பற்களிலும் பழுப்புக் கோடுகள். அவளுக்கும் சிரிப்பு வருகிறது. வாய் வரை போன கை பாதியில் நிற்கிறது.

அவ்வளவுதான் கதை. இதன் கருவை ஒரு வரியில் சொல்லச் சொன்னால், மண் கொடுத்த கறையைத் தன் குற்றமாகச் சுமந்த ஒருத்தி, அதையே இன்னொரு முகத்தில் கண்டதும் அந்தச் சுமை கொஞ்சம் இளகுவதை உணர்கிறாள் என்று சொல்லலாம். சொல்லிவிட்டேன். ஆனால் இந்த வரியைப் படித்து யாருக்கும் மனசு அசையாது. கன்றுக்குட்டி துண்டை இழுக்கும்போது அசையலாம்.

முதலில் இடம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பாறைகளிலிருந்து கரைந்து தண்ணீரில் சேருவது அது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல்வரம்பு. பல்லின் மேல்பூச்சான எனாமல் உருவாகிற சிறு வயதில் அதற்கு மேல் உள்ள தண்ணீரைத் தொடர்ந்து குடித்தால் பல்லில் திட்டும் கோடும் விழும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கூடுதலான அளவில் ஆண்டுக்கணக்காகக் குடித்தால் எலும்பையும் பாதிக்கும். அதைத் தணிக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. என் கதை அதற்கு முந்தைய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்க் காலத்தில் நடக்கிறது.

இந்தக் கதையைத் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு போனால் விழுந்துவிடும். தெலங்கானாவின் நல்கொண்டாவில் வைத்தால் நிற்கும், அங்கேயும் இதே தண்ணீர்த் துயரம் உண்டு. ஒரு கதையில் இடம் உண்மையாக வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் சோதனை இது: கதையை வேறு ஊருக்கு மாற்று, கரு நிற்கிறதா பார். ஒகேனக்கல் அருவி, பரிசல், மாங்கூழ் ஆலை, தக்காளி மண்டி என்று பெயர்களை வரிசையாக அடுக்கினால் மட்டும் கதை இந்த மண்ணுக்குச் சொந்தமாகிவிடாது. நம் பகுதியில் எழுதத் தொடங்குகிற இளைஞர்கள் பலரிடம் இந்தப் பழக்கத்தைப் பார்க்கிறேன். ஊர்மேல் உள்ள அன்பில்தான் செய்கிறார்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பெயர்கள் பாத்திரத்தின் உடம்பில் எங்காவது தைத்திருக்க வேண்டும். இந்தக் கதையில் தண்ணீர் பல்லில் தைத்திருக்கிறது.

இன்னொன்று கவனியுங்கள். ஃப்ளோரைடு என்ற சொல் கதையில் வரவே இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். அந்தப் பெண்ணுக்கு அது ஒரு வேதிப்பொருள் இல்லை, தன் முகத்தில் இருக்கிற அவமானம். கதைசொல்லி ஒரு பத்தி நிறுத்தி, நிலத்தடி நீர், வரம்பு, திட்டம் என்று விளக்கியிருந்தால் வாசகரின் மனசு உடனே ‘யார் பொறுப்பு’ என்ற கேள்விக்குப் போயிருக்கும். அது நியாயமான கேள்வி, அதை வைத்து வேறு நல்ல கதை எழுதலாம். ஆனால் அப்போது கரு மாறிவிடும். எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்பதும் உத்திதான்.

அடுத்தது கை. மூன்று முறை வருகிறது. போட்டோவில் ஒரு முறை, மாமனின் தமாஷுக்கு ஒரு முறை, கடைசியில் ஒரு முறை. போட்டோவில் வரும்போது வாசகருக்கு அது ஒரு அடையாளம் மட்டும், கூட்டத்தில் ஒருத்தியைக் கண்டுபிடிக்க உதவுவது. அந்த அடையாளத்தைச் சொல்வது அம்மா என்பதையும் பாருங்கள். மகளைக் காட்ட அவளுக்குக் கிடைத்த சுலபமான வழி அந்தக் கைதான். இரண்டாம் முறை வரும்போது அது பழக்கம் என்று தெரிகிறது. மூன்றாம் முறை பாதியில் நிற்கும்போது, முன்பு இரண்டு முறை அது முழுதாகப் போனதை நாம் பார்த்திருப்பதால் மட்டுமே அந்த நிற்றலுக்கு எடை கிடைக்கிறது. போட்டோவை எடுத்துவிட்டால் முடிவு பாதி பலம் இழக்கும்.

திரும்பத் திரும்ப வருவதன் பலத்தை அறிய மறுபடி தகடூருக்கே போகலாம். அதியமான் இறந்த பிறகு ஔவை பாடிய புறநானூற்று 235ஆம் பாட்டு, ‘சிறிய கள் பெறினே எமக்கு ஈயும் மன்னே’. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து உண்பான். அடுத்தடுத்த வரிகளில் அந்த ‘மன்னே’ திரும்ப வருகிறது. அது போய்விட்டது, இனி இல்லை என்ற இரக்கத்தைத் தரும் சின்ன அசை. முதல் முறை அதைக் கடந்துவிடுகிறோம். நாலாவது முறைக்குள் தொண்டை அடைக்கிறது. சொல் அதேதான், நாம் மாறிவிட்டிருக்கிறோம்.

கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் இந்த வேலையைச் செய்வது ‘ராஜா’ என்ற சொல். பிள்ளைகள் பாடப்புத்தகத்தை விரித்து, என் பக்கத்தில் படம் இருக்கிறது, உன் பக்கத்தில் இருக்கிறதா என்று போட்டி போடுவதில் தொடங்குகிறது கதை. யாரிடம் எது அதிகம் இருக்கிறது என்ற அந்த விளையாட்டு சட்டைவரை போகிறது. பணக்கார வீட்டுப் பையனின் வீட்டுக்குத் தீபாவளிக்கு ஒரு ராஜா வருகிறார், அவன் அக்கா புருஷன். ஏழை வீட்டுக்கு, பெற்றோர் இல்லாத, உடம்பெல்லாம் சிரங்கு பிடித்த ஒரு சிறுவன் வந்து சேர்கிறான், அவன் பெயரும் ராஜா. கடைசியில் சின்னப்பெண் மங்கம்மாள், எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று சொல்லும்போது, ஆரம்பத்தில் பார்த்த போட்டி விளையாட்டின் மொழியிலேயே அதைச் சொல்கிறாள். ‘இருப்பது’ என்பதற்கு இதுவரை நாம் கொண்டிருந்த பொருள் அங்கே மாறுகிறது. அந்த ஆரம்ப விளையாட்டு இல்லாமல் நேராகச் சிறுவன் வருவதில் கதை தொடங்கியிருந்தால், அது இரக்கக் கதையாக மட்டும் நின்றிருக்கும்.

பொருள்களைக் குறியீடாக மாற்றுவது பற்றியும் ஒரு வார்த்தை. ‘கதவு எதன் குறியீடு’ என்று கேள்வித்தாளில் கேட்கிறார்கள், ‘பாதுகாப்பின் குறியீடு’ என்று எழுதினால் போதும். கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையை நான் படிக்கும்போது அது முதலில் கதவுதான். பிள்ளைகள் அதில் தொற்றி ஏறி, டிக்கெட் வாங்கி, திருநெல்வேலிக்குப் போகிறார்கள். பிறகு தீர்வை கட்டாததற்காகத் தலையாரி அதைப் பெயர்த்துக்கொண்டு போகிறான். குளிர் உள்ளே வருகிறது. கைக்குழந்தை சாகிறது. பிறகு வேறொரு இடத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் அந்தக் கதவைப் பிள்ளைகள் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்கிறார்கள். கதவு கதை முழுக்க கதவாகவே இருக்கிறது, அதன் பயன் மட்டும் நம் கண்முன் வளர்கிறது. விளையாட்டுப் பொருள், வீட்டின் காப்பு, ஒரு சாவின் காரணம், தொலைந்த சொந்தக்காரர். இத்தனையும் ஆன பிறகு அதை ஒரே சொல்லுக்குள் அடைக்க எனக்கு மனம் வருவதில்லை.

என் கதைக்குத் திரும்புகிறேன். ‘எங்க ஊரு தண்ணி மாதிரியேதான் இருக்குது’ என்ற பேச்சைப் பிள்ளைகள் முதல் வாசிப்பில் தவறவிடுகிறார்கள். தவறவிட வேண்டும் என்றுதான் அங்கே வைத்தேன். பெண் பார்க்க வந்த இடத்தில் எதையாவது பேசவேண்டுமே என்று பேசுகிற சாதாரணப் பேச்சு மாதிரி இருக்கிறது. உப்புக் கரிக்கிறது என்று குறை சொல்கிறாளோ என்றுகூடத் தோன்றும். முடிவைப் படித்த பிறகு திரும்ப வந்து பார்த்தால் அங்கேயே எல்லாம் சொல்லப்பட்டுவிட்டது தெரியும். முன்குறிப்பு என்ற உத்தி பற்றிப் பேசும்போது, வாசகரை ஏமாற்றுகிற தந்திரம் என்ற பொருளில்தான் பலரும் பேசுகிறார்கள். இந்தப் பேச்சு வேறொன்றையும் செய்கிறது. இரண்டு குடும்பமும் ஒரே தண்ணீரைக் குடித்து வளர்ந்தவை என்பதை அந்த அம்மா தெரியாமலே ஒப்புக்கொள்கிறாள். உறவு கூடுவதற்கு முன்பே அவர்கள் ஒருவகையில் உறவு. கருவின் பாதி அந்த வரியில் இருக்கிறது.

பேச்சு என்றதும், அழைக்கும் முறையையும் பாருங்கள். பையனின் அம்மா முதலில் கேட்கும்போது ‘உங்க பொண்ணு’ என்கிறாள். கதையைக் கொஞ்சம் நீட்டி, புறப்படும்போது அவள் ‘நம்ம பொண்ணு’ என்று சொல்வதாக வைத்திருந்தால், கல்யாணம் நிச்சயமானதை வேறு எந்த வரியும் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் இது பெரிய வசதி. நீ, நீங்க, வாம்மா, வாங்க என்ற மாற்றங்களிலேயே பாத்திரங்களுக்கு இடையிலுள்ள தூரம் கூடும் குறையும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள். அங்கே ஒரு பாத்திரம் கோபத்தில் எந்த மொழிக்கு மாறுகிறது, பிள்ளையைக் கொஞ்ச எந்த மொழிக்கு மாறுகிறது என்பதை வைத்தே ஒரு கதையின் கருவைக் கட்டலாம். அப்படி நிறையக் கதைகள் அங்கிருந்து வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

‘நம்ம பொண்ணு’ என்பதை நான் ஏன் சேர்க்கவில்லை? சேர்த்தால் இது கல்யாணம் கூடிவந்த கதையாகிவிடும். அவன் அவளைக் கட்டிக்கொள்கிறானா இல்லையா என்பது எனக்குத் தேவைப்படவில்லை.

எல்லா உத்திகளிலும் கருவை ஆழமாகத் தீர்மானிப்பது பார்வைக் கோணம் என்று நினைக்கிறேன். யார் கண்ணால் பார்க்கிறோம் என்பது. இப்போதைய கதை பெரும்பாலும் பெண்ணின் பக்கம் நிற்கிறது, கடைசிக் காட்சி முழுக்க அவள் ஜன்னலுக்குள் இருக்கிறது. இதையே பையன் சொல்வதாக மாற்றினால் என்ன ஆகும்? அவன் பல் அவனுக்குத் தெரியும். உதட்டை ஏன் இறுக்கிக்கொண்டிருக்கிறான் என்பது முதல் பத்தியிலேயே நமக்குத் தெரிந்துவிடும். கன்றுக்குட்டி துண்டை இழுக்கும்போது அவன் மாட்டிக்கொள்கிறான், பார்த்துவிட்டாளோ என்ற பயத்தில் கதை முடியும். கரு பயமாகிவிடும். பையனின் அம்மா கண்ணில் எழுதினால் அவளுக்கு இரண்டு பிள்ளைகளின் பல்லும் தெரியும், தண்ணீரும் தெரியும், எல்லாமே முன்கூட்டித் தெரியும். அவள் அந்தத் தண்ணீர்ப் பேச்சைத் தெரிந்தே சொல்கிறாள் என்றாகிவிடும். ‘பயப்படாதே அம்மா, எங்க வீட்டுலயும் இதுதான்’ என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சூசகமாகச் சொல்லும் ஆறுதல். ஒரே வரி, ஒரே நிகழ்ச்சி, பேசுகிறவள் மனசுக்குள் நாம் இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்பதில் பொருள் மாறுகிறது.

முரண் பற்றிச் சொல்லும்போது புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ நினைவுக்கு வராமல் போகாது. அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால்கஞ்சி வாங்க அம்மாளு இருட்டுச் சந்தில் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். தலைப்பும் கதையும் ஒன்றையொன்று அறைகின்றன. கடைசியில் கதைசொல்லியே வாசகரைப் பார்த்து, கற்பு கற்பு என்று கதைக்கிறீர்களே என்று கத்திவிடுகிறார். அந்தக் கடைசி வரி வேண்டுமா என்று பிள்ளைகளிடம் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். முக்கால் ரூபாயோடு நின்றிருந்தால் கதை இன்னும் இறுகியிருக்கும் என்பது என் எண்ணமாக நீண்ட நாள் இருந்தது. இப்போது மாற்றிக்கொண்டேன். அந்தக் கதை அம்மாளுவைப் பற்றிச் சொல்வதோடு, அவளைப் பார்த்துக்கொண்டு வசதியாக உட்கார்ந்திருக்கும் நம்மைப் பற்றியும் சொல்கிறது. நம்மை நோக்கித் திரும்பாமல் அது முடிய முடியாது. கதைசொல்லி குறுக்கே வரக்கூடாது என்ற விதி அங்கே செல்லாது, கரு அப்படிக் கேட்கிறது.

எங்கே நிறுத்துவது என்பதற்கு எனக்கு ஆசிரியர்கள் கல்லில் இருக்கிறார்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டையிட்டு மாட்டை மீட்டுச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல். பெரும்பாலானவற்றில் வீரன் வில்லோ வாளோ ஏந்திப் பாயும் நிலையில் இருப்பான். சிலவற்றில் உடம்பில் அம்பு தைத்திருக்கும், காலடியில் சிறியதாக மாடுகள். எழுத்து இருந்தால் இன்ன அரசனின் இன்ன ஆண்டில் தொறு மீட்டுப் பட்டான் என்று ஓரிரு வரி. தொறு என்றால் மாட்டு மந்தை. அவன் பிறந்தது, வளர்ந்தது, மனைவி அழுதது எதுவும் கல்லில் இல்லை. சிற்பி ஒரு வாழ்க்கையிலிருந்து ஒரே கணத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். அம்பு தைத்த பிறகு, விழுவதற்கு முன்பு. விழுந்தபின் செதுக்கியிருந்தால் அது சாவின் கல். தைப்பதற்கு முன் செதுக்கியிருந்தால் வெறும் வீரனின் கல். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தியதால்தான், சாவு தெரிந்தும் நின்றவன் என்பது நமக்குக் கிடைக்கிறது.

அதனால்தான் கையைப் பாதியில் நிறுத்தினேன். முழுதாகக் கீழே இறக்கியிருந்தால் அவள் ஒரு நிமிடத்தில் குணமாகிவிட்டாள் என்று பொய் சொன்னதாகியிருக்கும். பத்துப் பதினைந்து வருடப் பழக்கம் அப்படிப் போகாது.

சனிக்கிழமை மாலை நாங்கள் கூடிப் படிக்கும் இடத்தில் இந்தக் கதையைச் சொல்லி, ‘வேறு ஒருவர் கண்ணில் எழுதிக்கொண்டு வாருங்கள்’ என்று கேட்டிருந்தேன். பெரும்பாலானவர்கள் பையனை எடுத்துக்கொண்டார்கள். பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவி பெண்ணின் அம்மாவை எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்கு அது தோன்றவே இல்லை. அவளுடைய கதையில் போட்டோ இருக்கிறது, சொம்பு இருக்கிறது, கன்றுக்குட்டியும் இருக்கிறது. புதிதாக ஒரே ஒரு பேச்சைச் சேர்த்திருந்தாள். மகள் ஏழு வயதாக இருந்தபோதிலிருந்து அம்மா சொல்லிவந்தது: ‘வாய மூடிக்கினு சிரி.’ அதை அவள் கதையில் மூன்று இடங்களில் வைத்திருந்தாள். திட்டுவதுபோல ஒரு முறை. கெஞ்சுவதுபோல ஒரு முறை, வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது. மூன்றாவது முறை கடைசியில். டம்ளர்களை எடுத்துக்கொண்டு அம்மா அடுப்படிக்குள் வருகிறாள். மகள் ஜன்னலோரம் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாள், கை வாய்க்குப் போகவில்லை. அம்மாவுக்குப் பழக்கத்தில் ‘வாய’ என்று வந்துவிடுகிறது. அதற்கு மேல் சொல்லாமல் இரவல் டம்ளர்களைத் தண்ணீரில் போட்டுவிட்டு அவளும் ஜன்னலுக்கு வருகிறாள்.